எம்.எஸ்.டபிள்யூ. படித்தால் யார் ஆகிறோம்? சமூகப்பணிப் பட்டமும் அதைச் சுற்றியுள்ள சட்டங்களும்

2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் இடையில் இருந்த எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது. தமிழோ வரலாறோ படிப்பவர்களுக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. முதுகலை முடித்ததும் நேராக பிஎச்.டி.க்குப் போய்விடலாம். சமூகப்பணி படிப்பவர்களின் நிலை வேறு. மனநல சமூகப் பணியாளர் என்றால் யார் என்பதை நாடாளுமன்றச் சட்டம் ஒன்று வரையறுத்திருக்கிறது. அந்த வரையறைக்குள்ளேயே எம்.ஃபில். என்ற பெயர் இருக்கிறது. சட்டம் கேட்கிற பட்டத்தை யுஜிசி எடுத்துவிட்டது. பிறகு இந்தத் துறைக்கு மட்டும் கால நீட்டிப்பு கொடுத்தது. அதுவும் 2025-26 கல்வியாண்டு வரைதான்.

இதனால் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலையில் சேர நினைப்பவர்களிடமும், சேர்ந்து பாதியில் இருப்பவர்களிடமும் ஒரே மாதிரியான கேள்விகள் எழுகின்றன. இந்தப் பட்டத்துக்குத் தனியாக மதிப்பு உண்டா? இதன் மேல் இன்னொரு பட்டம் வேண்டுமா? உண்மையில் இது என்ன படிப்பு? எம்.ஃபில். சிக்கலை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் விளங்காது. அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில் சொற்கள்

தமிழில் மூன்று சொற்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

1. சமூக சேவகர். வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகிறவர், சொந்தப் பணத்தில் பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கிக் கொடுப்பவர். இதற்கு மனம் போதும், படிப்பு வேண்டாம்.

2. சமூக ஆர்வலர். ஒரு கோரிக்கைக்காகக் குரல் கொடுப்பவர், வழக்குப் போடுபவர். செய்தித்தாள்களில் அதிகம் வரும் சொல் இதுதான்.

3. சமூகப் பணியாளர். மனிதர்களும் குடும்பங்களும் ஊர்களும் சிக்கலில் இருக்கும்போது, முறையான பயிற்சியோடு அவர்களுடன் சேர்ந்து வேலை செய்பவர். சம்பளம் வாங்குபவர். தான் செய்ததற்கு ஆவணம் எழுதி வைத்து, கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர். பி.எஸ்.டபிள்யூ. (இளங்கலை), எம்.எஸ்.டபிள்யூ. பட்டங்கள் இவரைத்தான் உருவாக்குகின்றன.

பேச்சு வழக்கில் மட்டும் இருக்கும் குழப்பம் என்றால் விட்டுவிடலாம். சட்டத்திலும் அது இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, சட்டத்துடன் முரண்பட்ட சிறார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் 2 சமூகப் பணியாளர்களும் இருக்க வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இந்த 'சமூகப் பணியாளர்' ஆவதற்கு எம்.எஸ்.டபிள்யூ. தேவையில்லை. குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலன் சார்ந்த பணியில் 7 ஆண்டு ஈடுபட்டிருந்தால் போதும்; அல்லது குறிப்பிட்ட சில பட்டங்களோடு தொழில் செய்பவராக இருக்கலாம். அந்தப் பட்டியலில் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இருக்கின்றன. சமூகப்பணிப் பட்டம் இல்லை! அதே சட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கான பட்டியலில் சமூகப்பணி இருக்கிறது. பெயர் ஒன்றாகவும் தகுதி வேறாகவும் இருக்கும் இந்த நிலையிலிருந்துதான் மற்றக் குழப்பங்கள் பலவும் வருகின்றன.

எங்கிருந்து வந்தது

இந்தியாவில் இதன் வரலாறு 1936இல் மும்பையில் தொடங்குகிறது. நாக்பாடா குடியிருப்புப் பகுதியில் வேலை செய்துவந்த அமெரிக்க மிஷனரி கிளிஃபோர்ட் மான்ஷார்ட்டை முதல் இயக்குநராகக் கொண்டு, சர் தோரப்ஜி டாடா பெயரில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. இன்றைய டாடா சமூக அறிவியல் கழகம் அதுதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். இன்றும் எழும்பூரில் நடக்கிறது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி., மதுரை சமூக அறிவியல் கல்லூரி என்று பிறகு மாநிலம் முழுவதும் பரவியது.

பாடத்திட்டம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே தனி மனிதரின் மனச் சிக்கல் பெரிதாகப் பேசப்பட்டது. இங்கே சாதியும் நிலமும் கூலியும் கழிப்பறையும்தான் முதலில் கண்ணில் படும். இந்த இடைவெளி இன்றும் முழுதாக நிரம்பவில்லை.

ஒரு நோயாளி, ஆறு முறைகள்

"அப்படி என்னதான் இரண்டு வருடம் சொல்லித்தருகிறார்கள்? நல்லது செய்வதற்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சமூகப்பணியில் ஆறு முறைகள் உண்டு. அவற்றை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

ஒரு கட்டடத் தொழிலாளி. வயது 45. காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிட்டார். நல்ல மனம் உள்ள ஒருவர் வந்தால், "உயிர் முக்கியம் இல்லையா, ஒழுங்காக மாத்திரை போடுங்கள்" என்று சொல்வார். அவர் தலையை ஆட்டுவார். அடுத்த வாரமும் மாத்திரை போடமாட்டார்.

1. தனிநபர் பணி. கேஸ் ஒர்க் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். பயிற்சி பெற்ற பணியாளர் அறிவுரையில் தொடங்கமாட்டார், கேட்பதில் தொடங்குவார். இருமல் நின்றதும் நோய் போய்விட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். காலை 7 மணிக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நின்றால்தான் அன்று கூலி. மருத்துவமனையில் மாத்திரை கொடுப்பது 9 மணிக்கு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று மனைவி மாத்திரையை ஒளித்து வைக்கிறார். இத்தனையும் ஒரே நாளில் வெளியே வராது. இப்படிப்பட்ட உறவுக்கு அமெரிக்கப் பாதிரியார் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் 7 கோட்பாடுகளை வகுத்தார். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உணர்ச்சியைக் கொட்ட இடம் கொடுப்பது, நாம் அதில் மூழ்கிவிடாமல் ஈடுபடுவது, இருப்பது போலவே ஏற்பது, குற்றவாளி ஆக்காமல் இருப்பது, அவர் முடிவை அவரே எடுக்க விடுவது, இரகசியம் காப்பது. படிக்கும்போது எளிமையாகத் தெரியும். குடித்துவிட்டு வந்து நிற்கும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து கடைப்பிடித்துப் பார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும்.

2. குழுப்பணி. அதே நோய் வந்து குணமானவர்கள் பத்துப் பேரை அவரோடு உட்கார வைப்பது. டாக்டர் சொல்லிக் கேட்காததை, "எனக்கும் குமட்டுச்சு, சாப்பிட்டப்புறம் போட்டேன், சரியாச்சு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது கேட்பார். கூட்டத்தில் யார் பேசுகிறார், யார் வாயைத் திறக்கவில்லை, யார் மற்றவரை அடக்குகிறார் என்று கவனித்து நடத்துவதில்தான் பயிற்சி இருக்கிறது.

3. சமுதாய அமைப்பு. அந்தக் குடியிருப்பில் காற்றோட்டம் இல்லாத ஒற்றை அறைகளில் ஆறேழு பேர் படுக்கிறார்கள் என்றால், நோய் ஒருவரோடு நிற்காது. அங்கே வாழ்பவர்களே கூடி, எதை முதலில் கேட்பது, யாரிடம் கேட்பது என்று முடிவெடுக்க உதவுவது.

4. சமூக நல நிர்வாகம். காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் தருகிறது. அது வங்கிக் கணக்கில் வரும். கணக்கு முடங்கிக் கிடந்தால் வராது. திட்டம் எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடித்து ஆளிடம் கொண்டு சேர்ப்பதும் ஒரு கலை.

5. சமூகப்பணி ஆய்வு. ஒருவர் நிறுத்தினால் அது அவர் கதை. அந்த வட்டாரத்தில் நிறுத்தியவர்கள் எல்லாரும் தினக்கூலிகள் என்று தெரிந்தால், குறை மருத்துவமனை திறக்கும் நேரத்தில் இருக்கிறது. இதை எண்ணிக்கையோடு காட்ட வேண்டும்.

6. சமூகச் செயல்பாடு. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நேரத்தை மாற்றக் கேட்பது, கொள்கையை மாற்றக் கேட்பது, தேவைப்பட்டால் போராடுவது.

பட்டதாரி இந்த ஆறையும் ஒன்றாகப் பார்க்கப் பழகியிருக்க வேண்டும். 'மாத்திரை போடவில்லை' என்ற ஒரு வரியிலிருந்து, 9 மணிக்குத் திறக்கும் கதவு வரை போகிற பார்வைக்குத்தான் இரண்டு ஆண்டு.

களப்பணி இல்லாமல் இந்தப் பட்டம் இல்லை

எம்.எஸ்.டபிள்யூ.வுக்கும் சமூகவியல் முதுகலைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு களப்பணிதான். வழக்கமாக வாரத்தில் 2 நாள் மாணவர் கல்லூரிக்கு வரமாட்டார். மருத்துவமனைக்கோ, குழந்தைகள் இல்லத்துக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ, தொழிற்சாலைக்கோ போவார். அந்த இடத்துக்கு 'ஏஜென்சி' என்று பெயர். அங்கே ஒரு மேற்பார்வையாளர், கல்லூரியில் ஒரு மேற்பார்வையாளர் என இருவர் இருப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 2 நாள், நாளுக்கு 7 மணி நேரம், பருவத்துக்கு 15 வாரம் என்றால் 210 மணி. 4 பருவத்துக்கு 840 மணி. இறுதியில் ஒரு மாதம் முழுநேரமாகச் செய்யும் பிளாக் பிளேஸ்மென்ட்டும் கிராம முகாமும் சேர்ந்தால் 1,000ஐத் தாண்டிவிடும். அமெரிக்காவில் முதுகலைக்கு 900 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் 1,000 மணி நேரமும் களப்பணி கேட்கிறார்கள். ஆக, தாளில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தேர்வு, விடுமுறை, கல்லூரி விழா, 'இன்று ஏஜென்சியில் வேலை இல்லை' என்று கழிந்துபோகும் நாட்களையும் எண்ணினால்தான் உண்மைக் கணக்கு வரும். இரண்டு கல்லூரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசமும் அங்கேதான் தெரியும்.

களப்பணியில் நடப்பவை:

1. முதல் பருவத்தில் பார்வையிடல். பல வகை நிறுவனங்களுக்குப் போய், யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது.

2. கிராம முகாம். ஒரு வாரமோ பத்து நாளோ ஊரில் தங்குவது. தெருவில் கோலப்பொடியால் ஊர்மக்களையே ஊர் வரைபடம் போடச் சொல்வது இங்கே வழக்கம். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் பரப்பிய பங்கேற்பு மதிப்பீட்டு முறை இது. அந்தப் படத்தில் ஊரும் காலனியும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், சுடுகாட்டுப் பாதை யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்பதெல்லாம் கேட்காமலே வெளியே வந்துவிடும். யார் கையில் பொடி இருக்கிறது, யார் தள்ளி நிற்கிறார்கள் என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும்.

3. தொடர் கேஸ் ஒர்க், குழுப்பணி. மாணவர் சில நபர்களோடும் ஒரு குழுவோடும் மாதக்கணக்கில் வேலை செய்வார்.

4. அறிக்கை. நடந்த உரையாடலை, அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று வரிசையாக எழுதுவது. வாரந்தோறும் ஆசிரியர் அதை வைத்துக்கொண்டு தனியாகப் பேசுவார். "இந்த இடத்தில் அவர் அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?" இந்த ஒரு கேள்விதான் பயிற்சி. அழுகையைத் தாங்க முடியாமல் தப்பித்தது தான்தான் என்று மாணவருக்குப் புரியும் நாளில் அவர் தொழிலுக்குள் வருகிறார்.

தமிழ்நாட்டில் இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. மக்கள் பேசுவது தமிழில். பல கல்லூரிகளில் அறிக்கை எழுதுவது ஆங்கிலத்தில். "நெஞ்சுக்குள்ள ஏதோ உருளுது" என்று ஒரு பெண் சொன்னது, நோட்டில் 'ஆங்சைட்டி' என்று ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது. "அவரு ஒரு மாதிரி" என்று மனைவி தயங்கிச் சொன்னதில் குடி இருக்கலாம், சந்தேகம் இருக்கலாம், அடி இருக்கலாம். மொழிபெயர்த்த நிமிடத்திலேயே அந்தத் தயக்கம் காணாமல் போகிறது. ஆங்கிலத்தில் திணறும் மாணவர், தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்குவதை மட்டும் எழுதுகிறார். கிராமத்திலிருந்து வந்து மக்களோடு மிக இயல்பாகப் பேசத் தெரிந்த பிள்ளைகள், அறிக்கையில் மட்டும் பலவீனமானவர்களாகத் தெரிவது இதனால்தான். இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொரு குறை, மாணவரை இலவச ஆளாகப் பயன்படுத்தும் ஏஜென்சிகள். ஆறு மாதம் கணினியில் பெயர் ஏற்றுவதும் விழாவில் நாற்காலி போடுவதும் களப்பணி ஆகாது. பேருந்துக் காசும் மாணவரின் கையிலிருந்தே போகிறது.

'எம்.எஸ்.டபிள்யூ. என்றால் ஹெச்.ஆர். தானே?'

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்தப் படிப்பை அப்படித்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு சட்டப் பிரிவு.

இரண்டாம் ஆண்டில் மாணவர் ஒரு சிறப்புப் பிரிவை எடுப்பார். சமுதாய மேம்பாடு, மருத்துவ மற்றும் மனநல சமூகப்பணி, குடும்பம் மற்றும் குழந்தை நலம், மனிதவள மேலாண்மை ஆகியவை பரவலானவை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால் சமூகப்பணிக் கல்லூரிகளில் தொழிலாளர் நலம் ஒரு பிரிவாக வளர்ந்தது. கோவையின் மில்களும் சென்னையின் தொழிற்சாலைகளும் அருகில் இருந்ததால் இங்கே நன்றாகவே வளர்ந்தது. பிறகு அது 'பர்சனல் மேனேஜ்மென்ட்' ஆனது, அப்புறம் 'ஹெச்.ஆர்.' ஆனது.

பெயர் மாறியபோது உள்ளடக்கமும் மாறிவிட்டது. நல அலுவலர் என்பவர் தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நிற்க வேண்டியவர். அதனால்தான் பல மாநில விதிகள், நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராக நல அலுவலர் ஆஜராகக் கூடாது என்று தடுத்தன. ஹெச்.ஆர். அலுவலருக்கு அப்படி ஒரு தடை இல்லை. அவர் முழுக்க நிர்வாகத்தின் ஆள். சம்பளத்துக்காக இந்தப் பிரிவை எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் கேஸ் ஒர்க் படித்த மனதோடு ஆட்குறைப்புப் பட்டியல் தயாரிக்க நேரும்போது வரும் சங்கடத்தைப் பற்றி வகுப்பிலேயே பேசியிருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நடைமுறைப்படுத்திய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணியிடப் பாதுகாப்பு குறித்த தொகுப்பு இந்த எண்ணிக்கையை 500இலிருந்து 250 ஆகக் குறைத்திருக்கிறது. தொழிற்சாலையோடு சுரங்கமும் தோட்டமும் இதில் வரும். தேவைப்படும் நல அலுவலர்களின் எண்ணிக்கை கூடும் என்பது இதன் நேரடிப் பொருள்.

எம்.ஃபில். சிக்கல், படிப்படியாக

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம்.

1. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநல சமூகப் பணியாளருக்குப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் தகுதி இரண்டு: சமூகப்பணியில் முதுகலை, அதன் மேல் மனநல சமூகப்பணியில் எம்.ஃபில். அந்த எம்.ஃபில். 2 ஆண்டு முழுநேரமாக, மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியுடன் இருக்க வேண்டும்.

2. அதே சட்டப்படி, மாநில மனநல ஆணையம்தான் மனநல சமூகப் பணியாளர்களைப் பதிவு செய்யும்.

3. மற்றத் துறைகளில் எம்.ஃபில். என்பது ஒரு சிறு ஆராய்ச்சிப் பட்டம். இங்கே அது உண்மையில் மருத்துவமனைப் பயிற்சி. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் போன்ற இடங்களில் வார்டில் நின்று கற்றுக்கொள்வது. பெயர்தான் ஒன்று, பொருள் வேறு.

4. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி யுஜிசி 2022இல் எம்.ஃபில்.லை ஒட்டுமொத்தமாக நிறுத்தியபோது இந்த வேறுபாடு கணக்கில் வரவில்லை. 2023 டிசம்பரில், எந்தப் பல்கலைக்கழகமும் எம்.ஃபில். சேர்க்கை நடத்தக் கூடாது, மாணவரும் சேரக் கூடாது என்று எச்சரிக்கை வந்தது.

5. சில வாரங்களிலேயே மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி ஆகிய இரண்டு எம்.ஃபில்.களுக்கு மட்டும் 2025-26 வரை விலக்கு வந்தது.

6. விலக்கு என்பது தற்காலிகம். நிலையான தீர்வு இரண்டு வழியில்தான் வரும். எம்.ஃபில்.லுக்குச் சமமான மருத்துவமனைப் பயிற்சிப் பட்டம் வேறு பெயரில் வந்து, மனநலச் சட்டத்தின்கீழ் ஏற்கப்பட வேண்டும். அல்லது இந்தத் துறைக்கு எம்.ஃபில். தொடர வேண்டும். பயிற்சியே இல்லாமல் 'எம்.எஸ்.டபிள்யூ. போதும்' என்று ஆக்குவதை மூன்றாவது வழியாக நான் எண்ணவில்லை. மனச்சிதைவு உள்ளவரின் குடும்பத்தோடு வேலை செய்ய அந்த 2 ஆண்டு தேவை.

7. 2021ஆம் ஆண்டு துணை மருத்துவ மற்றும் நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ சமூகப் பணியாளர், மனநல சமூகப் பணியாளர் இருவரும் இருக்கிறார்கள். ஆக, மருத்துவமனைக்குள் வேலை செய்யும் சமூகப் பணியாளர்களுக்குப் பதிவேடும் பாடத்திட்டமும் தரமும் வகுக்கும் அமைப்பு சட்டத்தில் வந்துவிட்டது.

ஏற்கெனவே எம்.ஃபில். முடித்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. முறையாகத் தொடங்கி முடித்த பட்டங்களை இந்த மாற்றம் செல்லாததாக்கவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே கவுன்சில் இல்லை

டாக்டருக்கும் செவிலியருக்கும் வழக்கறிஞருக்கும் கவுன்சில் உண்டு. பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. பிரிட்டனில் 2005 முதல் 'சோஷியல் ஒர்க்கர்' என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யாதவர் அப்படிச் சொல்லிக்கொண்டால் குற்றம். இந்தியாவில் சமூகப்பணி முழுவதற்குமான தேசியக் கவுன்சில் வேண்டும் என்று 1990களிலிருந்தே கேட்கிறார்கள். வரைவுகள் எழுதப்பட்டன, சட்டம் வரவில்லை.

இதன் விளைவு மூன்று பேர் மேல் விழுகிறது. படித்தவர் மேல்: எந்தப் பட்டம் பெற்றவரும் அவரது வேலைக்குப் போட்டியிடலாம். கல்லூரி மேல்: களப்பணியைக் குறைத்தாலும் அங்கீகாரத்தைப் பறிக்கத் தொழில்சார் அமைப்பு எதுவும் இல்லை. மூன்றாவதாக உதவி தேடி வருபவர் மேல். இரகசியத்தை வெளியே சொல்லிவிட்ட ஆலோசகர் மீது எங்கே புகார் கொடுப்பது என்று அவருக்கு வழியே இல்லை. கவுன்சில் பற்றிப் பேசும்போது வேலைவாய்ப்பைத்தான் எல்லாரும் முன்னிறுத்துகிறோம். எனக்கு இந்த மூன்றாமவரின் நிலைதான் முதலில் தோன்றுகிறது.

வேலை எங்கே

அரசில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலத் திட்டம், எச்.ஐ.வி. ஆலோசனை மையம் ஆகிய இடங்களில் பணியிடங்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் வருபவை. இதை மறைத்துப் பேசுவது மாணவருக்குச் செய்யும் துரோகம்.

தொண்டு நிறுவனங்களின் நிலை 2020க்குப் பிறகு மாறிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தம், நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொன்றுக்குப் பகிர்வதையும் தடை செய்தது. பெரிய நிறுவனத்திடம் நிதி பெற்று ஒன்றியத்திலும் கிராமத்திலும் வேலை செய்த சிறிய அமைப்புகள்தான் புதிய பட்டதாரிகளுக்கு முதல் வேலை கொடுத்துவந்தவை. அடி அவற்றின் மேல்தான் விழுந்தது. மறுபக்கம், 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. அந்தப் பணத்தைத் திட்டமிடவும் கண்காணிக்கவும் ஆள் எடுக்கிறார்கள்.

அதிகம் பேசப்படாத வேலை ஒன்று உண்டு: உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்திடம், அந்த நேரத்தில், உறுப்பு தானம் பற்றிப் பேச வேண்டும். 2014ஆம் ஆண்டு விதிகள் இந்தப் பணிக்கு டாக்டர், செவிலியரோடு, சமூகப்பணி முதுகலை போன்ற பட்டம் உள்ளவர்களையும் ஏற்கின்றன. உறுப்பு தானத்தில் பெயர் பெற்ற தமிழ்நாட்டில் இதற்குத் தேவை இருக்கிறது. குடும்பம் 'இல்லை' என்று சொன்னால் அதையும் மதித்து, அதன் பிறகும் அவர்களோடு இருக்கத் தெரிந்த ஆள் இதற்கு வேண்டும்.

சேர்வதற்கு முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை

பெரும்பாலான கல்லூரிகளில் எந்த இளங்கலை படித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். சேர்வது எளிது என்பதாலேயே விசாரிக்காமல் சேர்ந்துவிடுகிறார்கள். கட்டடத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் பார்ப்பதைவிட இவற்றைக் கேளுங்கள்.

1. கடந்த ஆண்டு மாணவர்கள் எந்தெந்த ஏஜென்சிகளுக்குப் போனார்கள்? பட்டியல் கையில் இருக்க வேண்டும். பத்து இடங்களின் பெயரைச் சொல்லத் திணறினால் யோசியுங்கள்.

2. ஒரு ஆசிரியரின் மேற்பார்வையில் எத்தனை மாணவர்கள்? வாரம் ஒருமுறை தனியாகப் பேச நேரம் இருக்கிறதா? முப்பது பேரை ஒருவர் பார்க்கிறார் என்றால் அறிக்கையில் கையெழுத்து மட்டும்தான் கிடைக்கும்.

3. நான் விரும்பும் சிறப்புப் பிரிவு உண்மையிலேயே நடக்கிறதா? விளம்பரத்தில் நான்கு இருக்கும்; ஆள் சேரவில்லை என்று எல்லாரையும் ஹெச்.ஆர்.க்குத் தள்ளிவிடும் இடங்கள் உண்டு.

4. மனநலப் பிரிவு என்றால், அதற்கு மேல் படிக்கத் தகுதியான மருத்துவமனைக் களப்பணி இரண்டாம் ஆண்டில் கிடைக்குமா?

5. தொலைநிலைக் கல்வி என்றால், களப்பணியை யார், எங்கே மேற்பார்வை செய்வார்கள்? ஏற்கெனவே துறையில் வேலை பார்ப்பவருக்கு இது பொருந்தலாம். புதிதாக வருபவருக்கு நேரடிப் படிப்பே நல்லது.

6. களப்பணி அறிக்கையைத் தமிழில் எழுதலாமா? முழுதாக முடியாது என்றால், மக்கள் சொன்ன வரிகளை மட்டுமாவது அவர்கள் சொன்னபடியே தமிழில் எழுத விடுவார்களா? இந்தக் கேள்விக்குத் துறைத் தலைவர் யோசிக்காமல் 'தாராளமாக' என்று சொன்னால், அங்கே யாரோ மாணவரின் நோட்டை உண்மையாகவே படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.